பிலிப் அண்ணா சொல்லாமல் விட்டது

செய்தி வந்தபோது ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் மீன் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். கைபேசியில் பிலிப் அண்ணாவின் மனைவி றெஜினாவின் பெயர். வழக்கமாக "என்ன பிள்ளை, சுகமோ?" என்றுதான் தொடங்குவார். அன்று, "அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்று மட்டும் சொன்னார். காலையில் வேலைக்குக் கிளம்பச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மீன்கடைக்காரர் என் வரிசை எண்ணை இரண்டு முறை கூப்பிட்டார். நான் மீன் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

உங்களில் பலர் அவரை ட்ராம் பணிமனையில் அறிந்திருப்பீர்கள். மற்றவர்கள் தேவாலயப் பாடகர் குழுவில். எனக்கு அவர் விமானம் கட்டிய மனிதர். புல்தரையிலும் ஏரியிலும் இறங்கக்கூடிய, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய விமானம். பாகங்களாகப் பெட்டிகளில் வந்ததை நாங்கள் இருவரும் ஆறு ஆண்டுகள் சேர்த்துக் கட்டினோம். நான் இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்யும் பொருட்களில் ஆராய்ச்சி செய்பவள். எங்கள் ஆய்வகம் பொதுமக்களுக்குத் திறந்திருந்த ஒரு நாளில், அண்ணா தான் ஒட்டிய இழைத்தகட்டின் ஒரு துண்டோடு வந்து, "இது ஏன் குமிழ் விடுகிறது?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். பிறகு என் பெயர் அட்டையைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். நான் கோயம்புத்தூர் என்றேன். "பரவாயில்லை, நீர் கதைக்கிறது விளங்குது" என்றார், மன்னார்க்காரர். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குமிழின் காரணத்தைச் சொன்னேன்.

முதல் இறக்கையை அம்மருட்டில் அவருடைய அடுக்குமாடியின் நிலவறையில்தான் கட்டினோம். பசை நாற்றம் மின்தூக்கி வரை வருகிறது என்று குடியிருப்போர் குழுவின் தலைவி கடிதம் போட்டார். அண்ணா பதில் எழுதவில்லை. நேரில் வரச் சொல்லி, கோப்பியும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் கொடுத்தார். திட்ட வந்த அம்மாள் அரை மணி நேரத்தில் இறக்கையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் பக்கத்து அறையையும் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அவர் செய்ததை நான் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் செய்ததை அவர் பார்ப்பார். "நான் ஒட்டினதை நானே பாத்தால் வடிவாய்த்தான் தெரியும்" என்பார். ஒரு திருகாணிக்காக என்னை, ஸ்ட்ரோம்மனில் கடைக்குப் போயிருந்த இடத்திலிருந்து, சாமான் பைகளோடு, வரவழைத்திருக்கிறார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். திருகாணி தளர்ந்துதான் இருந்தது.

கோடையில் விமானக்காரர்கள் ஒன்றுகூடும் இடங்களுக்கெல்லாம் போனோம். புல்வெளியில் வரிசையாய் விமானங்கள், பக்கத்தில் கூடாரங்கள், வாஃபிள் சுடும் வாசனை. எங்கள் விமானத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான். எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு அவர் "அம்மருட்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முழிப்பதைப் பார்த்து ரசிப்பார்.

இனிச் சொல்லப்போவது ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கதை. இந்த வகை விமானத்தில் செய்யவே கூடாத பிழை ஒன்று உண்டு. சில்லுகள், அதாவது சக்கரங்கள், கீழே இருக்கும்போது தண்ணீரில் இறங்கினால், அவை நீரில் மாட்டி விமானம் குப்புறக் கவிழும். அதனால் இறங்கும்முன் ஓட்டுபவர், "தண்ணியில இறங்கறோம், சில்லு மேல" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இறக்கையிலுள்ள கண்ணாடியில் சில்லைப் பார்த்து, "ஓம், மேலை" என்று பதில் சொல்ல வேண்டும்.

அன்று அப்படி ஒரு ஒன்றுகூடலிலிருந்து, புல்தரையில் கிளம்பி, ஏரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். புட்டுக்குச் சர்க்கரையும் வாழைப்பழமும்தான் பொருத்தம் என்று நான் சொல்லியிருந்தேன். "வருத்தம் வந்து படுத்திருக்கிறவைக்குத்தான் அப்பிடிக் குடுக்கிறது" என்று அவர் சண்டைக்கு வந்தார். சண்டை சூடாக இருந்தபோதே ஏரி வந்துவிட்டது. சொல்ல வேண்டியவர் சொன்னார். பதில் சொல்ல வேண்டியவரும் சொன்னார். இரண்டு பேருமே பார்க்கவில்லை. சில்லுகள் கீழேதான் இருந்தன.

தலைகீழாக, பனிக்குளிர்த் தண்ணீருக்குள் தொங்கினோம். என் இருக்கை வாரைக் கழற்றி, என்னை வெளியே தள்ளிவிட்டுத்தான் அவர் வந்தார். மீன் பிடிக்க வந்திருந்த ஒருவர் எங்களைப் படகில் ஏற்றினார்.

கரையில், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, நான் கெஞ்சினேன். "அண்ணா, விபத்து அறிக்கையில சில்லு பழுதாயிடுச்சுன்னு எழுதிடலாம். இங்க நிரந்தரமா தங்கறதுக்கான என் விண்ணப்பம் நிலுவையில இருக்கு. ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

அவர் நனைந்த சட்டையைப் பிழிந்தார். பிறகு, "பிள்ளை, அப்பிடி எழுதினால், இதே பெட்டி வாங்கினவை எல்லாரும் தங்கடை சில்லைக் கழட்டித் தேடுவினம். இல்லாத பிழையை எவ்வளவு காலம் தேடுவினம்?" என்றார்.

நடந்ததை நடந்தபடியே எழுதினார். விசாரணையால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் நான் குளிர்காலம் முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் தனியாகவே விமானத்தைச் செப்பனிட்டார். மார்ச் மாதம் தொலைபேசியில், "வெடிப்பை ஒட்டிப்போட்டன். வந்து பாரும்" என்றார், இடையில் ஒன்றுமே நடக்காததுபோல. போனேன்.

அந்தக் கோடையின் முதல் ஒன்றுகூடலில், பாதுகாப்பைப் பற்றி யாரோ பேசி முடித்ததும் அண்ணா எழுந்தார். "நான் கண்ணாடியைப் பார்க்காமலே சில்லு மேலே என்று சொன்னேன். விமானம் கவிழ்ந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர்தான் ஓட்டியதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஏன் என்னைச் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "அறிக்கையிலை கேட்டவை, எழுதினனான். இஞ்சை என்ரை பிழையைச் சொன்னனான். உம்மடையதை நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்று அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கதை ஊரெல்லாம் பரவியது. அவருக்கு 'நீர்மூழ்கி பிலிப்' என்று பெயர் வைத்தார்கள். கல்யாண வீடுகளில் அப்படிக் கூப்பிட்டபோது அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அடக்கம் முடிந்து கோப்பி குடிக்கும்போதும் ஒருவர் அன்போடுதான் அந்தக் கதையைச் சொன்னார். கண்ணீரோடு எல்லோரும் சிரித்தார்கள். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று விமானத்தை ஓட்டியவள் நான். சில்லை ஏற்ற மறந்ததும், பார்க்காமல் முதலில் சொன்னதும் நான்தான்.

இதை எழுதுமுன் றெஜினாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. ஒருத்தரிட்டையும் கதைக்க வேண்டாமெண்டவர். 'அவ ஒருநாள் தானாச் சொல்லுவா' எண்டு சொன்னவர்."

பிலிப் அண்ணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கைதான். அதை அவர் இருக்கும்போதே காப்பாற்றியிருக்கலாம்.