பொம்மை மேல் இருந்த புடவை

கழுத்துப் பிடித்துக்கொண்டது. என் கணவருக்கு இடுப்பு வலிக்காக டாக்டர் எழுதித் தந்த மாத்திரையில் மிச்சம் ஒன்று இருந்தது. வீணாக்குவானேன் என்று விழுங்கிவிட்டு, ஸ்கூட்டியில் தி.நகர் போனேன். புடவைக் கடைப் பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் ஒரு பட்டுப் புடவையை விரித்தது வரை நினைவிருக்கிறது.

விழித்தபோது ஓர் அம்மாள் அந்தப் புடவையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொம்ம மேல கீறதையே குடும்மா!"

"ஐயோ, அவங்க கஸ்டமரு!"

ஸ்கூட்டியைத் தொடவே பயந்து ஆட்டோவில் திரும்பி, டாக்டருக்குப் போன் செய்தேன்.

"வலி மருந்தோட தசையைத் தளர்த்துற மருந்தும் அதுல சேர்ந்திருக்கு. தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே!" என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் எனக்கென்று எழுதாத மாத்திரையைத் தொடுவதில்லை. அந்தப் புடவையை மட்டும் விடவில்லை. பொம்மைக்கே அவ்வளவு எடுப்பாக இருந்ததாமே!