பின்பக்கத்துச் சின்ன அச்சு

செய்தி வந்தபோது நான் 'தங்கச்சி' என்ற சொல்லை எழுதி முடித்திருந்தேன். அந்தச் சொல்லில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. இரண்டையும் மறக்காமல் வைத்துவிட்டேன் என்ற சந்தோசத்தில் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது படலையைத் திறந்துகொண்டு சாந்தி வந்து நின்றார். அவர் தவமணி அவர்களின் தமக்கை மகள். செருப்புப் போடாமல் ஓடி வந்திருந்தார்.

"மாமா, சின்னம்மா போயிட்டா. விடியக் காலமை, ஆசுப்பத்திரியில. நான் பக்கத்திலதான் இருந்தனான்."

என் கையில் இருந்த தாள் தவமணி அவர்களுக்கான பொங்கல் வாழ்த்து. என் கையால் நான் எழுதிய முதலாவது வாழ்த்து அது. நான் எழுதப் பழகியது அவருக்குத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது. ஏழு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம். நான் அதை ஒரு நாளும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குச் சாந்தி ஒரு சிறிய நினைவுப் புத்தகம் அச்சிடுகிறார். "நீங்கள்தான் எழுத வேணும் மாமா. சின்னம்மாவோட உங்களைப்போல ஆர் கதைச்சவை?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் எனக்கு ஏலும். எழுத்துப் பிழைகளைச் சாந்தி திருத்துவார். நான் தவமணி அவர்களுக்குச் சொன்ன பொய்யை நான்தான் திருத்த வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவமணி அவர்களின் ஊர் சாம்பல்தீவு. அங்கே பாலர் பாடசாலையில் படிப்பித்தவர். உருளைக்கிழங்கையும் வெண்டிக்காயையும் வெட்டி, மையில் தொட்டு, தாளில் பூப்பூவாக ஒத்திக் காட்டினால் பிள்ளைகள் கத்துவார்களாம். சண்டையில் ஊர் கலைந்தபோது தமக்கையின் குடும்பத்தோடு, ஒரே ஒரு பையோடு திருகோணமலைப் பட்டணத்துக்கு வந்தார். புளியடி ஒழுங்கையின் கடைசி வீட்டில் அவர்களோடு தங்கினார். பாதை அடிக்கடி பூட்டுப்படும் காலம். கொழும்பில் அச்சிட்ட வாழ்த்து அட்டைகள் எங்கள் கடைகளுக்கு வருவது குறைந்துபோனது. ஆனால் பொங்கலும் பெருநாளும் தவறாமல் வந்தன. அட்டைகளை நானே செய்கிறேன் என்று அவர் தொடங்கினார். உருளைக்கிழங்கு ஒரு நாளில் சுருங்கிவிடும். அதனால் அழிறப்பரிலும் சைக்கிள் ரியூப்பிலும் அச்சு வெட்டினார். வெட்டிய றப்பரை ஒட்டுவதற்கு மரத்துண்டு தேடித்தான் துறைமுக வாசலுக்கு வந்தார்.

நான் நாகலிங்கம், அங்கே மூட்டை தூக்கியவன். மூதூர்ப் பக்கத்தவன். கப்பல் குறைந்து, வேலை குறைந்து, மனைவியும் இறந்து, நான் வாசலில் சும்மா நின்ற காலம் அது. உடைந்த பெட்டிப் பலகைகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நெற்றியில் வட்டப் பொட்டு.

"அண்ணை, எனக்கு வேலைக்கு ஒரு ஆள் வேணும். உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ? வாசிக்கத் தெரிஞ்ச ஆளாத்தான் பாக்கிறன்."

சம்பளப் புத்தகத்தில் முப்பது வருடம் பெருவிரல் வைத்தவன் நான். "ஓம்" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்தான் பொய். மற்ற எல்லாவற்றையும் அந்தச் சொல்லே செய்துவிட்டது.

முதல் நாள் அவர் விளக்கு அச்சைக் கையில் தந்தார். அரசாங்கக் கந்தோர் மேசைகளில் இருக்கும் மைப்பெட்டி எங்களிடம் இல்லை. பிஸ்கற் தகரத்தின் மூடியில் கம்பளித் துண்டை மடித்து வைத்து, மேலே மெல்லிய சீலையை இழுத்துக் கட்டி, மை ஊற்றி, மை காயாமலிருக்க இரண்டு சொட்டுக் கிளிசரினும் விட்டிருந்தார். நான் அச்சை அதில் வைத்து ஓர் அமத்து அமத்தினேன். மை விளிம்பால் பிதுங்கி வந்தது. தாளில் வைத்து இன்னுமோர் அமத்து. விளக்கும் இல்லை, சுடரும் இல்லை. ஊதா நிறத்தில் ஒரு தோசைதான் இருந்தது.

"அண்ணை, இது சீனி மூட்டை இல்லை" என்றார் தவமணி அவர்கள். "அமத்தாதேங்கோ. ஒத்துங்கோ. குழந்தையின்ர நெத்தியில பொட்டு வைக்கேக்க என்ன செய்வியள்? அப்பிடி."

அவர் செய்து காட்டினார். அச்சை மையில் ஒரு தரம் அழுத்தவில்லை. ஏழெட்டுத் தரம் மெல்லத் தட்டினார். பிறகு வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். மை எல்லா இடமும் ஒரே மினுக்கமாக இருக்க வேண்டும், குழிகளுக்குள் நிற்கக் கூடாது என்றார். தாளுக்குக் கீழே பழைய பத்திரிகை நாலைந்து விரித்திருந்தார். வைத்ததும் ஆட்டவில்லை. நேராகவே எடுத்தார். விளக்கு அப்படியே இருந்தது, திரியின் நுனி வரை.

ஒரு கிழமை நான் பழைய பத்திரிகையில் மட்டும் ஒத்தினேன். நிலாவைச் சுற்றி எப்போதும் ஒரு கறை விழுந்தது. என் கையில்தான் பிழை என்று நினைத்தேன். அவர் அச்சைத் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் நின்ற மேலதிக றப்பரைச் சவரப் பிளேட்டால் சீவி எறிந்தார். "உங்களில பிழை இல்லை, நிலாவுக்குத்தான் வயிறு வைச்சிட்டுது" என்றார். பிறகு கறை விழவில்லை. மஞ்சளை முதலில் ஒத்தி, சிவப்பை அடுத்து ஒத்தி, ஊதாவைக் கடைசிக்கு விடுவோம். நிறம் மாற்ற முன்னர் அச்சை ஈரத் துணியில் ஒத்தித் துடைப்போம். கடற்காற்றில் மை காய நேரமெடுக்கும். அதனால் அட்டைகளை ஒன்றில் ஒன்று முட்டாமல் பாயில் பரப்புவோம். வேலை முடிந்தால் மைப்பெட்டியைக் கவிழ்த்து வைப்போம், மை மேற்பக்கத்துக்கு இறங்கி நிற்கட்டும் என்று.

எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. விளக்கென்றால் தீபாவளி, பானையென்றால் பொங்கல், நட்சத்திரமென்றால் கிறிஸ்மஸ், பிறையென்றால் பெருநாள். வாழ்த்து வரிகளை வடிவத்தால் அடையாளம் வைத்திருந்தேன். எழுத்து அச்சு வெட்டுவதில் நான் அவரையே முந்தினேன். அச்சில் எழுத்து இடம்வலம் மாறி இருக்க வேண்டும். அவர் மெல்லிய தாளில் எழுதித் திருப்பி ஒட்டித் தருவார். வெட்டும்போது அவருடைய கையே குழம்பிவிடும். நான் கோட்டைப் பார்த்து வெட்டிக்கொண்டு போவேன்.

"வாசிக்கத் தெரிஞ்ச கைக்கு இது குழம்ப வேணும் அண்ணை. உங்கட கை என்ன கை?"

"துறைமுகத்துக் கை" என்று சொல்லிச் சிரித்து மழுப்பினேன்.

ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் ஒரு சின்ன அச்சுக் குத்த வேண்டும். நாலு வரி, நுணுக்கமான எழுத்து. முன்பக்கத்தில் பூ கொஞ்சம் மங்கினாலும் விட்டுவிடுவார். பின்பக்கத்தில் ஓர் எழுத்துச் சிதைந்தால் அந்த அட்டையைக் கிழித்துப் போடுவார். வேலை செய்கிறவருக்குத் தன் பெயரில் உள்ள பெருமை என்று நான் நினைத்தேன்.

ஒரு தீபாவளிக்கு மை தட்டுப்பாடு. மருந்துக்கடையில் கிளிசரினும் இல்லை. அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நான் தனியே இருநூறு அட்டை செய்தேன். முன்பக்கத்துக்கு மை வேண்டுமே என்று பின்பக்கத்தை விட்டுவிட்டேன். பட்டணத்துக் கடைகளுக்குப் பாதி, லோஞ்சுப் படகில் மூதூருக்குப் பாதி என்று அனுப்பியும் விட்டேன். காய்ச்சல் விட்டு எழும்பி வந்தவர் மிஞ்சிக் கிடந்த ஓர் அட்டையைத் திருப்பினார்.

"அண்ணை, இந்தப் பக்கம் வெறுமையா இருக்கு."

"மை மிச்சம் பிடிச்சனான் தங்கச்சி."

"எல்லாத்திலயுமோ?"

"ஓம்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "பூவை விட்டிருக்கலாம். விளக்கை விட்டிருக்கலாம். இதை விட்டிட்டியளே" என்றார். "என்ன எழுதியிருக்கெண்டு தெரிஞ்சும் விட்டிட்டியளே அண்ணை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அது நல்ல நேரம். நான் கேட்கவில்லை.

அன்றே மிஞ்சிக் கிடந்த மையோடு கடை கடையாகப் போனோம். அடுத்த நாள் மைப்பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு மூதூர் லோஞ்சுக்குப் போனோம். இறங்குதுறைச் சோதனையில் ஒரு கடற்படைப் பொடியன் தகரத்தைத் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். விரல் ஊதாவாகிவிட்டது. சட்டையில் தேய்க்கப் போனான். தவமணி அவர்கள் ஈரத் துணியை நீட்டி, "தேய்க்காதேங்கோ, பரவும். ஒத்தி எடுங்கோ" என்றார். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. கையால் செய்து காட்டினார். அவன் அப்படியே ஒத்தினான். பிறகு சிரித்துக்கொண்டு எங்களை விட்டான்.

மூதூரில் கடைக்கார நானா மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார். நான் அட்டைகளைத் திருப்பித் திருப்பி வைக்க, தவமணி அவர்கள் ஒத்தினார். நானா வேடிக்கை பார்த்தார்.

"முன்னுக்கு விளக்கு இருக்கு, வடிவா இருக்கு. பின்னுக்கு என்னத்துக்குத் தங்கச்சி முத்திரை? தபால் கந்தோரா நடத்துறீங்க?"

"ஓம் நானா, அப்பிடித்தான்" என்றார் தவமணி அவர்கள். தலையை நிமிர்த்தவில்லை. "வித்தது எத்தினை?"

"ஒரு ஒன்பது போயிருக்கும். கிளிவெட்டி ஊருக்குப் போற ஆக்கள் வாங்கினாங்க."

திரும்பும்போது லோஞ்சின் ஓரத்தில் இருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஒன்பது" என்று ஒருமுறை தனக்குள் சொன்னார். ஒன்பது அட்டைக்கு இவ்வளவா என்று நான் நினைத்தேன். என்னை அவ்வளவு தூரத்தில் வைத்திருந்தது, துறைமுக வாசலில் நான் சொன்ன அந்த 'ஓம்'. பக்கத்தில் இருந்தும் நான் அவரோடு இருக்கவில்லை.

போன வருடம் அவருக்கு நோய் வந்து வருத்தம் கூடியது. வேலை நின்றது. அச்சுப் பெட்டி அவர் வீட்டிலேயே இருந்தது. எனக்குப் பின்னேரங்கள் பெரிதாகிவிட்டன. இடம்பெயர்ந்த பெரியவர்களுக்கு ஒரு மண்டபத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவருக்கு என் கையால் ஒரு வாழ்த்து எழுத வேண்டும், அவர் வாசிக்கும்போது பொய்யைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம். தெரிந்த எழுத்து ஒன்றை எழுதுங்கள் என்று ரீச்சர் சோக்கட்டியைத் தந்தார். நான் பெரிதாக ஒரு 'த' எழுதினேன். நல்ல வடிவான 'த', ஆனால் இடம்வலம் மாறியது.

"ஐயா, கண்ணாடியைப் பாத்தோ எழுதிறியள்?" என்றார் ரீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அச்சில் பார்த்த எழுத்துகளை எல்லாம் நான் முகம் திருப்பிப் பழக வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் திரும்பி என்னைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை எந்த வயதிலும் நான் கண்டதில்லை. கடைப் பலகைகளை நின்று நின்று வாசித்துக்கொண்டு நடப்பேன்.

ஆசுப்பத்திரியில் கடைசியாக அவரைப் பார்த்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"எத்தினை பேர் கேட்டிருப்பினம் அண்ணை. இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறியோ, விட்டிட்டியோ எண்டு. நீங்கள் மட்டும் ஒரு நாளும் கேக்கேல்லை. ஒவ்வொரு நாளும் அதை வாசிச்சுப்போட்டும் கேக்கேல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்."

எதைப்பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினேன். வாழ்த்து முடியட்டும், பொங்கலுக்குச் சொல்லுவோம் என்று வந்துவிட்டேன்.

செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் சாந்தி அச்சுப் பெட்டியை என்னிடம் தந்தார். சின்ன அச்சு துணியில் சுற்றி இருந்தது. மைப்பெட்டியில் தட்டி, அவருக்கென்று எழுதிய அந்தப் பொங்கல் வாழ்த்தின் பின்பக்கத்தில் ஒத்தினேன். பிறகு, எழுத்தெழுத்தாக, வாசித்தேன்.

தவமணி குணராசா
புளியடி ஒழுங்கை, கடைசி வீடு
திருகோணமலை
நான் இங்கே

"என்ன பிள்ளை இது?" என்று சாந்தியைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதே மாமா? ஊரால வெளிக்கிட்ட அண்டு சன நெரிசலில சித்தப்பா எங்களைத் தவறவிட்டிட்டார். நாங்கள் எங்க போறம் எண்டு அவருக்குச் சொல்ல ஏலாமல் போச்சு. அவர் தேடினாலும் எங்க தேடுவார்? அதுதான் சின்னம்மா அட்டை போற ஊரெல்லாத்துக்கும் விலாசத்தை அனுப்பினவ. ஆரின்ர வீட்டிலயாவது அவர் அதைத் திருப்பிப் பார்ப்பார் எண்டு."

பொட்டைப் பார்த்து, கணவர் வெளிநாட்டில் என்று நினைத்திருந்தேன். அந்த நாட்களில் காணாத ஆளைப்பற்றி எவரும் எவரிடமும் கேட்பதில்லை. ஏழு வருடம் அவருடைய அழைப்பை என் கையால் குத்தி அனுப்பினேன். யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அறிந்துகொண்டு மௌனமாக இருந்தேன் என்று அவர் நினைத்து ஆறுதல் அடைந்தார். அவர் நம்பிய அந்த நாகலிங்கம் நான் இல்லை. தங்கச்சி, இதுதான் நான் பொங்கலுக்குச் சொல்ல இருந்தது.

இந்தப் புத்தகத்தின் பின் அட்டையை வெறுமையாக விடும்படி சாந்தியைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நானே குத்துவேன். பழைய அச்சின் ஓரம் தேய்ந்திருந்ததால் புதிதாக ஒன்று வெட்டப் பார்த்தேன். மூன்று அழிறப்பர் பழுதாகிவிட்டன. 'ங்' என்று வாசித்ததும் கை நேராக வெட்டிவிடுகிறது. அவர் சொன்னது சரிதான், வாசிக்கத் தெரிந்த கைக்குக் குழம்புகிறது. அதனால் பழைய அச்சைத்தான் ஈரத் துணியில் ஒத்தி எடுத்து வைத்திருக்கிறேன்.

குணராசா அவர்களே, இது எங்காவது உங்கள் கைக்கு வந்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். விலாசம் மாறவில்லை. கடைசி வீட்டில், வாசலுக்கு நேரே வேலை மேசை இருக்கிறது. பகல் முழுதும் நான் அங்கே இருக்கிறேன். நீங்கள் வந்தால் எழும்பி இடம் தருவேன். ஏழு வருடம் அவர் எப்படி ஒத்தினார் என்று சொல்லுவேன்.

போய் வாருங்கள் தங்கச்சி. மைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். முதலாவது பின் அட்டையைப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்து இன்று குத்திப் பார்த்தேன். அமத்தவில்லை, ஒத்தித்தான் எடுத்தேன். கடைசிச் சொற்கள் இரண்டும் தெளிவாக விழுந்திருக்கின்றன.