ஐந்து இஞ்ச் பேடு

என் கணவருக்குத் தோள் போனது வண்டி ஓட்டும்போது அல்ல. ஊர் திரும்பும் ஒரு குடும்பத்தின் பெட்டிகளை தான் ஓட்டும் டூரிஸ்ட் வண்டியின் மேல் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்த நேரம், தகரமெல்லாம் ஈரம். கயிற்றை இழுத்த வேகத்தில் கால் வழுக்கி, வலது தோள் தரையில் மோத விழுந்தார். சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். கை பிழைத்தது. ஆனால் தோளுக்கு மேல் தூக்க வராது என்றார்கள். ஏற்காடு மலைப்பாதையில் நாள் முழுக்க ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புகிற வேலை இனி வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

நான் அப்போது ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். இவர் சில மாதங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, கார்களுக்கு பாலிஷ் போடும் ஷெட் ஒன்று வைக்கப்போவதாகச் சொன்னார். எஸ்டேட் ரோட்டில் போகிற வண்டிகளின் இரண்டு பக்கக் கதவிலும் காப்பிச் செடி கீறிய கோடுகள் இருக்கும். கூரையில் குரங்கு நகம் பட்ட கீறல்கள் இருக்கும். இதற்காக எல்லோரும் சேலத்துக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். யோசனை தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

அவர் வாங்கிய மெஷின் பார்ப்பதற்கு இரும்பு அறுக்கும் கிரைண்டர் போல இருந்தது. கல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டத் தட்டு. தட்டில் ஃபோம் பேடை ஒட்டி, காம்பவுண்ட் என்கிற பசையைத் தடவி, வண்டியின் பெயிண்ட் மேல் வைத்து ஓட்டவேண்டும். மேல் தோல் மெல்லியதாகத் தேய்ந்து, அதோடு கீறலும் போய்விடும். கூடவே மூன்று அளவில் தட்டுகளும் பேடுகளும் வந்தன. ஏழு இஞ்ச், ஐந்து இஞ்ச், மூன்று இஞ்ச். அவர் ஏழு இஞ்சை மாட்டிக்கொண்டு மற்ற இரண்டையும் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்.

"பெருசுன்னா சீக்கிரம் முடியுமுல்ல" என்றார்.

கூரை, பானட் போன்ற அகலமான இடங்களில் அது சரியாகவே வந்தது. ஆனால் பெரிய பேடு பெயிண்டைக் கவ்வும்போது மெஷினே ஒரு பக்கமாக இழுக்கும். அதை நேராகப் பிடித்து நிறுத்துவது தோள்தான். சாயங்காலமானால் அவருக்குத் தோள் வீங்கிவிடும். வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வலிக்கிறதா என்று கேட்டால், "குளுருக்கு அப்படித்தான் இருக்கும்" என்பார். நான் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்டால் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் தலைச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர் தன் காரைக் கொண்டுவந்து விட்டார். கருநீலம். ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கிய பழைய வண்டி, அவருக்கு அதுதான் முதல் வண்டி. கதவுகளில் செடி கீறிய கோடுகள் நீளநீளமாக இருந்தன. பானட்டில் மரத்துச் சொட்டு விழுந்து காய்ந்த வட்டங்கள் இருந்தன.

"அடுத்த வாரம் என்ற தம்பி புது ஊட்டுக்குப் பால் காச்சறானுங்க. முதல் தடவையா நானே ஓட்டிட்டு மலை எறங்கப் போறனுங்க. வண்டி கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்கோணும்" என்றார்.

மறுநாள் எனக்கு வார விடுப்பு. நான் ஷெட்டில்தான் இருந்தேன். பானட்டில் பாதிவரை நன்றாக வந்துவிட்டது. வட்டங்கள் மறைந்து, ஷெட்டின் தகரக்கூரை அதில் கோடுகோடாகத் தெரிந்தது. அந்த மாதிரி வண்டியில் பானட்டின் இரண்டு ஓரமும் வரப்பு போலத் தூக்கி மடிந்திருக்கும். அந்த மடிப்பில் பெயிண்ட் மெல்லிசு. பேடின் நடுப்பகுதி இந்தப் பக்கம் இருக்க, விளிம்பு மடிப்பின் மேல் ஏறியது. மெஷின் இழுத்தது. அவர் தோள் அதைத் தாங்கவில்லை. பேடு சாய்ந்து விளிம்பிலேயே நின்று சுற்றியது. சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. அவர் மெஷினை எடுத்தபோது, மடிப்பின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பிரைமர் அது.

அவர் சுவிட்சை அணைத்தார். மெஷின் சுற்றி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சருக்கு நான்தான் போன் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்து வந்தார். பிரைமர் தெரிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இது தொடச்சாப் போயிருமுங்களா?"

"போகாதுங்க. பெயிண்டு தேஞ்சு போச்சுங்க. பானட்டுக்கு மறுபடியும் பெயிண்டு அடிக்கோணும். செலவு எங்களோடதுங்க."

டீச்சர் விரலை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு நொம்ப கோவம் வருதுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "உங்ககிட்டக் கத்தி என்ன ஆகப்போகுது? அவுரு எங்கீங்க?"

"பின்னாடி இருக்காருங்க."

"சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் கணவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, பானட்டைக் கழற்றி, தெரிந்த ஜீப் டிரைவர் ஒருவரிடம் கொடுத்து அடிவாரத்திலுள்ள பெயிண்டருக்கு அனுப்பினார். பானட் இல்லாத வண்டி, இன்ஜின் மேல் ஒரு பாலித்தீன் விரிப்போடு ஷெட்டில் நின்றது. கதவுகளை யாரும் தொடவில்லை.

"கதவு அப்படியே இருக்குதுங்களே" என்றேன்.

"நான் இனி அதத் தொடமாட்டேன்."

நான் ரிசார்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாளும் ஷெட்டுக்கு வந்தேன். கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏழு இஞ்ச் பேடைக் கையில் எடுத்து, மெஷின் இல்லாமல் வெறுமனே வைத்துப் பார்த்தேன். கதவின் நடுவே குறுக்காக ஒரு மடிப்புக் கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே கைப்பிடி. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பேடு உட்காரவே இல்லை. எப்படி வைத்தாலும் ஒரு விளிம்பு கோட்டின் மேல் ஏறியது. ஐந்து இஞ்ச் பேடை வைத்தேன், சுற்றிலும் இடம் விட்டு உட்கார்ந்தது. கைப்பிடிக்கு அடியிலுள்ள குழியில் அதுவும் நுழையவில்லை. மூன்று இஞ்ச் நுழைந்தது. எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரிசார்ட்டில் படுக்கைக்கு விரிப்பு எடுக்கும்போது அளவு பார்த்துத்தான் எடுப்போம்.

ஐந்து இஞ்ச் தட்டை மாட்டினேன். அதுவரை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"ஏம்புள்ள, அஞ்சுல பண்ணுனா என்னிக்கு முடிக்கறது?"

"முடியறன்னிக்கு முடியட்டுமுங்க."

"தட்டுக்கு வெளிய பேடு ஒரு விரக்கட நீட்டிட்டு இருக்குதான்னு பாரு. தட்டு பெயிண்டுல பட்டா அறுத்துப்போடும்."

பார்த்தேன். நீட்டிக்கொண்டுதான் இருந்தது. மடிப்புக் கோட்டின் மேல் டேப் ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். மெஷினை ஓடவிட்டு வைத்தேன். இழுக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு இழுக்கவில்லை. சின்னப் பேடு பிடிக்கிற பிடியும் சின்னது. ஆனால் ஒரே இடத்தில் நின்றால் சூடு அந்த இடத்திலேயே ஏறிவிடும்.

"நிக்காத. போயிட்டே இரு. அமுத்தாத" என்று ஸ்டூலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். இடையிடையே எழுந்து வந்து பெயிண்டின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். ஒரு கதவு முடிய மத்தியானம் ஆகிவிட்டது. துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். கோடுகள் போயிருந்தன. ஆழமான ஒன்று மட்டும் நின்றது.

"அத விட்டுரு. தொரத்திட்டுப் போனா பெயிண்டு போயிரும்" என்றார். விட்டுவிட்டேன்.

மற்றக் கதவுகளும் முடிந்து, பானட்டும் திரும்பி வந்து மாட்டியானதும் டீச்சர் வண்டியை எடுத்துப் போனார். மலை இறங்கிப் போய்த் திரும்பிய பிறகு ஷெட்டில் நிறுத்தி, கையில் ஒரு பை தேன்குழலோடு இறங்கினார். அன்றுதான் என் கணவர் அவரிடம் என் எதிரில் பேசினார்.

"வண்டி எப்படி இருந்துச்சுங்க?"

"ஒரு வளைவுல ஆஃப் ஆகி நின்னுபோச்சுங்க. பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு. மறுபடி கெளப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. பெயிண்ட யாருங்க பாத்தா?" என்றார். பிறகு, "தம்பி மட்டும் புது வண்டியான்னு கேட்டான்" என்றார்.

நான் உடனே ரிசார்ட் வேலையை விடவில்லை. முதலில் விடுப்பு நாட்களில் மட்டும் மெஷின் பிடித்தேன். மற்ற நாட்களில் அவர் வண்டிகளைக் கழுவி, டேப் ஒட்டித் தயாராக வைப்பார். அது அவருக்கு எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். யாராவது ஷெட் பக்கம் வந்தால் மெஷினை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார், அவர்கள் போனதும் திருப்பிக் கொடுப்பார். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. மழைக்காலம் முடியும்போது வாங்கிக்கொள்வதை நிறுத்தியிருந்தார். எந்த நாளிலிருந்து என்று யோசித்துப் பார்த்தால் நினைவுக்கு வரவில்லை. அதன் பிறகுதான் நான் ரிசார்ட்டில் சொல்லிவிட்டு நின்றேன்.

எங்களுக்குள் சண்டை வந்தது அளவு விஷயத்தில்தான். எனக்கு ஐந்து பழகிவிட்டதால் எல்லாவற்றையும் ஐந்திலேயே செய்யப் பார்ப்பேன். ஒருமுறை ஹோட்டல் வேன் ஒன்று வந்தது. அதன் பக்கவாட்டுத் தகரம் மடிப்பே இல்லாமல் சமமாக இருந்தது. அதிலும் ஐந்தையே மாட்டினேன். தேய்த்த இடத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் நடுவே பட்டைபட்டையாகத் தெரிந்தது.

"இதுக்குப் பெருசுதான் வேணும். பயந்துக்கிட்டுச் சின்னதப் போடாத" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னது சரி. ஏழு இஞ்சை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஓட்டினேன். பட்டைகள் மறைந்தன. தோள் இரண்டும் மரத்துப்போயின. அன்றைக்கு வெந்நீர்ப் பை எனக்கு வந்தது. அவர்தான் நிரப்பிக் கொடுத்தார்.

போன வருடக் கோடைவிழாவுக்கு முன்னால் மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் புது வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். மகன் வாங்கிக் கொடுத்த வண்டி. குரங்குகள் கூரையில் சறுக்கி விளையாடியிருந்தன. ஷெட்டுக்குள் வந்து சுற்றும்முற்றும் பார்த்தார். என் கணவர் வாளியோடு நின்றிருந்தார். நான் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, மெஷின் ஓட்டற ஆளு இன்னும் வர்லீங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"வந்தாச்சுங்க. டீ குடிச்சுட்டு இருக்காங்க" என்றார் இவர்.

பெரியவர் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "ஓ" என்று சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளை வண்டியில் கீறல் சுலபத்தில் கண்ணுக்குத் தெரியாது. சாய்வாக டார்ச் அடித்து ஒவ்வொன்றாகத் தேடவேண்டியிருந்தது. நடுவில் கரண்ட் வேறு போய்விட்டது. மூடுபனி உள்ளே வராமல் இவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவரோடு மிளகு விலை பேசிக்கொண்டிருந்தார். கூரையை மறுநாள்தான் முடிக்க முடிந்தது.