பேரைச் சொல்லும்வரை அடித்தார்கள்

என்னை அடித்தார்கள். வேப்பங்குச்சியில் தொடங்கிப் புளிய விளாருக்குப் போனார்கள். ஆடி அமாவாசை, உச்சி வேளை. கன்னட ஊரான ஹெப்பாளில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால், எல்லாரும் பார்க்க அடித்தார்கள். இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இப்போது ஒன்றாம் வகுப்புப் போகிற என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. அமாவாசைக்கு அமாவாசை மாதேஸ்வரன் மலைக்கு என்னோடு பஸ் ஏறுகிற சொந்தங்களே, உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே எனக்குள் ஏதோ அணைந்துவிட்டது. ஊதுபத்திக் கம்பெனியில் வாயாடி என்று பேர் வாங்கினவள் நான். அந்த நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பிள்ளை கதறும். காதில் விழும். கை நகராது. சோறு மண்ணாக இருந்தது. ‘நீ செத்தால்தான் இந்தப் பிள்ளை பிழைக்கும்’ என்று மனசு ஓயாமல் சொன்னது. இதை யாரிடம் சொல்வது? பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்களே!

எல்லாவற்றையும்விடக் கொடுமை, கும்பிட முடியவில்லை. என் மாமியார் நெற்றியில் திருநீறு பூசி, “உகே மாதப்பான்னு சொல்லு கண்ணு” என்றார். மாதேஸ்வரனுக்கு நாம் மலையில் போடுகிற அதே கோஷம், வாயில் வரவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. சாமி பேர் வராத வாயில் பேய்தான் உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கிறதையும் தள்ளிப்போட்டார்கள்.

பேயோட்டுகிற பூசாரி ஒருவரை மாமியார் கூட்டி வந்தார். அந்த வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். பிடித்திருக்கிற பேய் தன் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்துவிடுவார்கள். சொல்கிறவரைக்கும் அடி.

“யாருடி நீ? பேரச் சொல்லு!”

“சரோஜா” என்றேன்.

“அது இவ பேரு. உம்பேரச் சொல்லுடி!”

விளார் முதுகில் இறங்கியது. ரவிக்கை கிழிந்தது. முடியைச் சுருட்டிப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினார். வாயெல்லாம் ரத்தமும் மண்ணும். மிளகாய்ப் புகை காட்டினார். எங்கள் வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதாரே தவிர, விடவில்லை. பால் கட்டியிருந்த மார்பில் ஒரு அடி விழுந்தது. நான் போட்ட அலறலைக் கேட்டு, “பேய் கத்துது பாரு” என்றார்கள். அட பாவிகளா, பெற்றவள் கத்துகிறாள்!

அப்போதுதான், எத்தனையோ நாளைக்குப் பிறகு, கும்பிட்டேன். சத்தமில்லாமல். மாதப்பா, புலி மேல் வருகிறவனே, இந்தக் குச்சியைப் பிடிக்க ஒரு கையை அனுப்பு.

அடுத்த அடிதான் வந்தது. இனித் தாங்காது என்று வாய்க்கு வந்த பேரைக் கத்தினேன்: “மாதேவி!”

கூட்டம் நாலடி பின்வாங்கியது. மாதேவி எங்கள் லைனில் கடைசி வீட்டுப் பெண். முந்தின வருடம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவள். பூசாரிக்கு ஒரே குஷி. “வந்தியா வழிக்கு! எப்படிப் போகாம இருக்கேன்னு பாக்குறேன்” என்று மறுபடியும் ஓங்கினார்.

அந்த அடி என் மேல் விழவில்லை. ராகி மாவு ஒட்டின ஒரு கை குறுக்கே வந்து வாங்கிக்கொண்டது. மாதேவியின் அம்மா, பாப்பாத்தியம்மா. களி கிண்டிக்கொண்டிருந்தவர், மகள் பேர் காதில் விழுந்ததும் ஓடி வந்திருக்கிறார். விளாரைப் பிடுங்கிப் பூசாரி தோளிலேயே ஒன்று வைத்தார் பாருங்கள்!

“என்ற மவ பேயில்லடா! அவளும் இவளாட்டந்தான் செவுத்தப் பாத்துட்டுக் கெடந்தா. நானுந்தான் உன்னாட்டம் ஒருத்தனக் கூட்டியாந்து அடிக்க உட்டேன். போய்ட்டா. இவளயும் கொல்லோணுமா?”

எங்கள் வீட்டுக்காரரின் பிடி அப்போதுதான் தளர்ந்தது. பெரியாஸ்பத்திரிக்கு, மனசு டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று பாப்பாத்தியம்மா சொன்னதும் மாமியார் வழி மறித்தார். “மனசு டாக்டருகிட்டப் போனா ஊரு என்ன பேசும்?”

“பேசட்டு. செத்தாலுந்தான் பேசுவாங்க” என்று பாப்பாத்தியம்மா என்னை ஆட்டோவில் ஏற்றினார். எங்கள் வீட்டுக்காரரும் பிள்ளையோடு ஏறிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. கன்னடத்தில், மெதுவாகக் கேட்டார். தூக்கம் வருகிறதா? செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? அதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஆமாம் என்று சொல்லி விம்மி விம்மி அழுதேன். எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, இதற்கு டிப்ரஷன் என்று பேர், பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும், நோய்தான், குணமாகும் என்றார். அத்தனை அடி அடித்துக் கேட்ட பேரை அந்தம்மா சும்மா உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

மாத்திரை போட்டதும் எழுந்து ஓடினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் ஆயிற்று. ஒரு காலையில் பிள்ளை அழுதது, என் கை தானாக நீண்டது. அள்ளி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, லைனே அதிரக் கத்தினேன்: உகே மாதப்பா!

தள்ளிப்போட்ட பேர் வைக்கிற நாளும் வந்தது. மாதேவி என்றேன். மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்படிச் செத்தவ பேரயா?” என்றார். என் வாய்தான் திரும்பி வந்துவிட்டதே, விடுவேனா? “அவ என்ன குத்தம் பண்ணுனா? காச்சலாட்டம் அதும் ஒரு நோவுங்க அத்தை” என்றேன். குழந்தையின் காதில் பாப்பாத்தியம்மாதான் அந்தப் பேரைச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அவருக்குக் குரல் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

பிறகு மலையேறி மொட்டை போட்டேன். ஆணி அடிக்க இருந்த முடி மாதப்பனுக்குப் போனது.

மாத்திரை சாப்பிடுகிறவளுக்குப் பக்தி பத்தாது என்று நம் பஸ்ஸிலேயே பேசுகிறவர்கள் உண்டு. வாருங்கள், என் முதுகைக் காட்டுகிறேன். மாதப்பன் புலி மேல்தான் வருவான் என்று காத்திருக்காதீர்கள் சொந்தங்களே. மாவுக் கையோடும் வருவான், டாக்டரம்மாவாகவும் வருவான். உங்கள் வீட்டில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால், குச்சியைத் தொடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவனை நம்புங்கள், அவன் அனுப்புகிற கையையும் நம்புங்கள்.

இந்த அமாவாசைக்கும் நாங்கள் சந்நிதியில் தட்டோடு நின்றோம். அர்ச்சனைக்குப் பேர் சொல்லுங்கள் என்றார் அர்ச்சகர். நான் வாய் திறப்பதற்குள், என் மகளை இடுப்பில் தூக்கி வைத்திருந்த பாப்பாத்தியம்மா உரக்கச் சொன்னார்: “மாதேவிங்க, சாமி.”