பதினைந்து படங்களும் ஒரு பிரேக்கும்

ஓட்டுநர் பள்ளி டீச்சருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்து நான்கு வருடமாகத் தன் சொந்தப் பள்ளியில் ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். இதற்குள் மூன்று கார்கள் மாறிவிட்டன. மாறாதவை இரண்டு. ஒன்று, பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக். மற்றது, அதை மிதிப்பதற்கு அரை நொடி முன்னால் "பிரேக்!" என்று அவர் போடும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு ரோட்டோரமாக நடந்துபோனவர்கள்கூட நின்றிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே அவர் டீச்சர், முதுகுக்குப் பின்னால் பிரேக்கம்மா. அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்த வருடம் ஆள் வரத்தே நின்றுபோயிற்று. காரணம், அவரிடமே கற்றுக்கொண்டுபோன ஒரு தம்பி. எட்டுக் கார் வாங்கி, ஃபோனில் ஒரு ஆப்பும் போட்டுப் பள்ளி ஆரம்பித்துவிட்டான். ஊரில் அவனுக்குப் பெயரே ஆப் தம்பி. ஆள் கெட்டவனில்லை. டீச்சருக்கு எரிச்சலே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். போன வாரம் பழங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"தனியா எதுக்கு டீச்சர் கஷ்டப்படறீங்க? நம்ம ஸ்கூலுக்கு வந்துடுங்க. வியாழக்கிழமைக்குள்ள சொன்னா போதும்" என்று சொல்லி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு டீ-ஷர்ட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். நெஞ்சில் ஒரு கார் பல்லைக் காட்டிச் சிரித்தது. போட்டுப் பார்த்தால் அளவு கச்சிதம். அது அவருக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஊரில் ஒரு கூரியர் கம்பெனி. பதினாலு வேன், பதினாலு டிரைவர். ஆறே மாதத்தில் இரண்டு வீட்டுக் கேட்டையும் பல் டாக்டரின் பெயர்ப் பலகையையும் இடித்துத் தள்ளியிருந்தார்கள். எல்லோருக்கும் மறுபடி பயிற்சி கொடுக்கக் கூரியர் முதலாளி ஆள் தேடிக்கொண்டிருந்தார். மாதத்தின் முதல் புதன்கிழமை காலையில் நடக்கும் வியாபாரிகள் சந்திப்புக்கு அவர் தவறாமல் வருவார். அங்கே பெயர் கொடுத்த யாரும் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசலாம். பதினைந்து படம், படத்துக்கு இருபது நொடி, மொத்தம் ஐந்து நிமிடம். டீச்சர் பெயர் கொடுத்தார். ஆப் தம்பியும் கொடுத்திருந்தான். கூரியர் வேலை கிடைத்தால் சொந்தப் பள்ளி, இல்லாவிட்டால் வியாழக்கிழமை முதல் ஆரஞ்சு.

படங்களைத் தயாரித்தது டீச்சரின் வீட்டுக்காரர். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஓட்டுநர் பள்ளி ஆரம்பித்த புதிதில் அவரிடம் மூன்று மாதம் வண்டி ஓட்டப் பழகி, குடும்பம் நிலைக்க வேண்டும் என்பதற்காக நிறுத்திக்கொண்டவர். ஒரு வாரம் இருவரும் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்த்தார்கள். டீச்சர் பேசி முடித்துத் தலையை ஆட்டுவார், அவர் விசையைத் தட்டி அடுத்த படத்துக்குப் போவார். முப்பது வருடமாக அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடக்கிறது. கூட்டத்தில் படங்கள் யார் தலையாட்டலுக்கும் காத்திராமல் தாமாகவே ஓடும் என்ற விஷயம் விதிமுறைத் தாளில் நான்காவது வரியில் இருந்தது. அதை மனிதர் படித்தும் இருந்தார். ஆனால் டீச்சர் பேசி முடிக்காமல் ஒரு படம் நகரும் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

புதன்கிழமை வந்தது. மாடி ஹாலில் அறுபது பேர், அறுபது காபிக் கோப்பை. முதலில் ஆப் தம்பி பேசினான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி பேச்சு. கடைசிச் சொல்லும் கடைசிப் படமும் ஒன்றாக முடிந்தன. கைதட்டல் அடங்குவதற்குள் டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தவர், தெரிந்த முகங்களுக்கெல்லாம் தனித்தனியாக ஒரு வணக்கம் வைத்தார். திரும்பிப் பார்த்தால் மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. கணினியருகே இருந்த கணவரை முறைத்தார். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கி, நானில்லை என்று காட்டினார்.

டீச்சர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். இனி திரையைப் பார்ப்பதில்லை, மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிடுவோம் என்று முடிவு செய்து கிளட்சைப் பற்றி ஆரம்பித்தார். அதற்குள் கிளட்ச் படம் போய், 'எங்கள் அலுவலக நிர்வாகி' என்ற தலைப்போடு வீட்டுக்காரரின் முகம் திரை நிறைய வந்து நின்றது.

"இதைப் பாருங்க. இதை மெதுவாத்தான் அழுத்தணும். வேகமா மிதிச்சா முனகும். ரொம்பத் தேஞ்சு போச்சுன்னா வெச்சுக்கிட்டுப் பிரயோஜனமே இல்ல, மாத்திடணும்."

ஹால் வெடித்துச் சிரித்தது. எதற்கென்று புரியாமல் டீச்சர் திரும்பினார். புரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் போய்க் கார் வந்தது, கார் போய் ரிவர்ஸ் வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். டீச்சருக்குக் கால் மட்டும் ஓடியது. வலது கால் தன்பாட்டுக்குக் கம்பளத்தை மிதித்துக்கொண்டே இருந்தது. படம் நிற்கவில்லை. ஒன்பதாவது, பத்தாவது. பதினோராவது படம் வந்ததும் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது அந்தச் சத்தம்.

"பிரேக்!"

தொம்மென்று ஹாலே அதிர்ந்தது. நாற்பது பேருடைய வலது கால் ஒரே நேரத்தில் தரையில் விழுந்திருந்தது. பல் டாக்டரின் காபி அவர் மடியில் கொட்டியது. கண்ணாடிக் கடைக்காரரின் செருப்பு முன்வரிசைக்குப் பறந்தது. முன்வரிசையில் எல்லோரையும்விட ஓங்கி மிதித்திருந்தவன் ஆப் தம்பி. மிதித்த வேகத்தில் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துபோயிருந்தான்.

டீச்சர் பல் டாக்டர் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "டாக்டர், நீங்க எங்கிட்ட கத்துக்கிட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினேழு, டீச்சர்."

"இன்னுமா கால் போகுது?"

"போகுதே" என்றார் டாக்டர், பேன்ட்டைத் துடைத்துக்கொண்டே.

"அவ்வளவுதாங்க. எனக்கு வேற சொல்லத் தெரியல" என்று டீச்சர் இறங்கிவிட்டார். மிச்சப் படங்கள் ஆளில்லாத மேடையில் ஓடி முடிந்தன.

மானம் கப்பலேறிவிட்டது என்றே அவர் நினைத்தார். கைதட்டல்கூடக் கேலியாகத்தான் காதில் விழுந்தது. கூட்டம் கலைந்ததும் கூரியர் முதலாளி நேராக ஆப் தம்பியிடம் போய்ப் பேசுவதையும், இருவரும் கைகுலுக்குவதையும் பார்த்தார். இருபத்து நான்கு வருட உழைப்பு ஐந்து நிமிடத்தில் போயிற்றே என்று அழுகை வந்தது.

"கிளம்பலாங்க" என்றார் கணவரிடம்.

"போலாம். என்னை மாத்திடணும்னு சொன்னியே, இப்பவேவா, வீட்டுக்குப் போயா?"

"கொஞ்சம் சும்மா இருங்க."

கார் நிறுத்துமிடம் வரைக்கும் மூச்சிரைக்க ஓடிவந்தார் கூரியர் முதலாளி. கணவர் காரின் அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர், ஒரு நிமிஷம். அந்தத் தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். உங்க ஆளுங்களும் இப்படி மிதிப்பாங்களான்னு. நல்ல பையன். 'இல்ல சார், எனக்கே இது டீச்சர் பழக்கிவிட்ட கால்தான், நீங்க அவங்ககிட்டயே போங்க'ன்னுட்டான். பதினாலு பேரையும் உங்ககிட்டயே விடறேன்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

முதலாளி போகவில்லை. சற்றுத் தள்ளித் தன் காரோடு காத்திருந்த டிரைவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பதினாலு இல்ல டீச்சர். பதினஞ்சு."

"புதுசா ஆள் எடுத்திருக்கீங்களா?"

"நான்தான். என்னைச் சுத்தி அத்தனை பேர் காலும் தரையில விழுந்துச்சு, என் கால் மட்டும் தேமேன்னு கெடந்துச்சு. முப்பது வருஷமா வேனை வெச்சுத்தான் பொழைக்கிறேன். ஓட்டத் தெரியாது. முட்டி வலி, அதான் ஓட்டறதில்லன்னு வீட்டுலகூடச் சொல்லி வெச்சிருக்கேன்."

டீச்சர் அவரையே பார்த்தார். கேலி வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டார்.

"காலைல அஞ்சரைக்கு வாங்க. ரோட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நானும் சத்தம் போடாம சொல்லித்தரேன்."

முதலாளியின் முகம் வாடிப்போயிற்று.

"ஐயையோ, வேண்டாம் டீச்சர்" என்றார். "எனக்கும் சத்தம் போட்டே சொல்லிக்கொடுங்க."