மூக்குத்தியைக் கழற்றி வைத்த நாட்கள்

அந்த வளையத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் மேசைமேல் வைத்திருந்தார்கள். முறத்தின் அகலத்துக்கு ஒரு பிரம்பு வளையம், அடியில் தோல் பை. பைக்குள் சாவி. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே வேறு வண்டி வராது என்பதற்கு அந்தச் சாவிதான் சாட்சி. அது கைக்கு வராமல் டிரைவர் நிலையத்தைத் தாண்டமாட்டார்.

வண்டி ஓடுவது நின்றுபோன பழைய ரயில் நிலையத்தைப் புதுப்பித்துக் காட்சிக்குத் திறக்கும் விழா அது. புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து மகள் அழைத்து வந்தாள். தேக்கா கடைத்தெருவில் எடுத்த புதுச்சேலை, முன்வரிசையில் நாற்காலி, எல்லாம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. விளக்கம் சொன்னவர் வளையத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்தால் ஓடுகிற வண்டி ஆளையும் சேர்த்தல்லவா இழுத்துக்கொண்டு போகும்? அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மகள் என் காதில் சொன்னாள்: "இந்த வேலைய பொம்பளைங்க யாரும் செஞ்சதே இல்லையாம்மா."

எனக்குக் கை பரபரத்தது.

அந்தக் காலத்தில் இதே நிலையத்தில் ஓடும் வண்டிக்கு வளையம் நீட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. ஒருநாள் குளியலறையில் வழுக்கி அவர் கை பிசகிவிட்டது. வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். நிலையத்தை ஒட்டிக் குடியிருந்த ரயில்வே கோட்டர்ஸும் போய்விடும். மறுநாள் காலை அவர் சட்டையையும் கால்சட்டையையும் மாட்டி, கொண்டையைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு நானே போய் நின்றேன். தினமும் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் எனக்கிருந்த படிப்பு.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐயா என்று கெஞ்ச வாய் வரவில்லை. எனக்கு அந்தத் திமிர் எப்போதும் உண்டு. அவரோ வண்டி வரும் திசையைப் பார்த்தபடி, "தம்பி, கைய நல்லாத் தள்ளிப் புடி. மூஞ்சியத் திருப்பாத" என்றார். டிரைவர் கையை வளையத்துக்குள் விட்டு வெடுக்கென்று பிடுங்கிப் போனார். தோள் கழன்றுவிட்டதோ என்றிருந்தது. வண்டி போனபின் மாஸ்டர் பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டே, "தம்பி, நாளைக்கு மூக்குத்தியக் கழட்டிட்டு வா" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

நாலு நாள் நின்றேன். வெளியே தெரிந்தால் மாஸ்டர் வேலையும் போகும் என்று வீட்டுக்காரர் மாதா படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினார். பெற்ற மகளிடம்கூட நான் மூச்சு விட்டதில்லை. இப்போது அவரும் இல்லை, மாஸ்டரும் இல்லை. சத்தியம் மட்டும் எனக்குள் முள்ளாய்க் கிடந்தது. ஒருத்தியும் செய்யவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறார்களே, அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறுவதா? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

விளக்கம் சொன்னவர் நம் தமிழ்ப் பிள்ளைதான். பக்கத்தில் போய், "தம்பி, கைய நல்லாத் தள்ளிப் புடி" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கே உறைத்தது. அவர் சிரித்துக்கொண்டே வளையத்தை என்னிடம் கொடுத்தார்.

"அப்பா செஞ்சதப் பாத்திருக்கீங்களாம்மா?" என்றாள் மகள்.

"அப்பாவுக்குக் கை பிசகிக் கெடந்தப்ப நாலு நாள் நான்தான் புடிச்சேன்."

பிளாட்பார விளிம்பில் நின்று, முகத்தைத் திருப்பாமல் கையை நீட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். போதும்மா, இறக்குங்கள் என்றாள் மகள். எப்படி இறக்குவது? அன்றைக்கு வண்டி வந்து பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் கை இறங்கும். கீழே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புல் வெட்டி அழகாக வைத்திருந்தார்கள். நான் வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.