இரண்டாம் படியின் கறை

முழங்கை வரை தண்ணீருக்குள் இறங்கி, குளத்தின் இரண்டாம் படியைக் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தன அந்தக் கைகள். வாயும் சும்மா இல்லை. "போன வாரந்தான் பளிங்கு மாதிரி எடுத்தேன். இப்ப பாரு, டீயைக் கொட்டின மாதிரி."

தெருவுக்கு அவர் டைலரம்மா. முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். பின்புறம், வீட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சின்ன நீச்சல் குளம். மண்ணைப் போட்டு மூடிவிடு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதிலேயே அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தையலைக் கற்ற மாதிரியே தண்ணீரையும் கெடுத்துக் கெடுத்துக் கற்றார். சோதனைக் குழாயில் சிவப்பு மருந்தைச் சொட்டவிட்டு, ஊசியில் நூல் கோக்கும் அதே முகத்தோடு ஒற்றைக் கண்ணை மூடி நிறம் பார்ப்பார். மஞ்சளடித்தால் அமிலம் ஏறியிருக்கிறது; தண்ணீர் புளித்துவிட்டது என்பார். குளோரின் மூக்கில் ஏறினால், "நாத்தமடிக்குதுன்னா மருந்து செத்துக் கிடக்குன்னு அர்த்தம்" என்று ஊரையே திட்டுவார்.

தண்ணீர் சரியாக இருந்தும் கறை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மருந்துக் கடைக்காரர் சொன்னபடி வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறையில் தேய்த்துப் பார்த்தார். மங்கியது. அப்படி மங்கினால் அது இரும்புக் கறை. மங்கினது போதுமா? வேரோடு எடுக்க வேண்டாமா? அதற்குத்தான் கம்பி நார்.

இரும்பு என்று தெரிந்ததும் ஆளும் தெரிந்துவிட்டது. மாடியில் மகளோடு குடியிருக்கும் மருமகன் வெல்டிங் பட்டறைக்காரர். இடுப்பு வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மாலையானால் குளத்தில் மெதுவாக நடப்பார். மாமியார் அவரிடம் நேரே பேசவில்லை. மகளைக் கூப்பிட்டு, அவர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "பட்டறைத் தூசியெல்லாம் உன் வீட்டுக்காரர் தலையிலதான் வருது. குளத்துல கொண்டாந்து கரைக்க வேண்டாம்னு சொல்லு."

"உன் குண்டூசி ஏதாவது விழுந்திருக்கும்மா."

"என் ஊசி என் பேச்சைக் கேக்கும்."

மறுநாள் கைப்பிடிக் கம்பியிலிருந்து மருமகனின் துண்டு காணாமல் போயிருந்தது. அவர் குளத்தில் இறங்காமல் திரும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறினார். இரண்டு வாரம் கழித்து மகள்தான் சொன்னாள்: "நாங்க வேற வீடு பாக்கறோம்மா."

மருமகன் கால் நனைக்காத குளத்தில் அந்த வாரமும் கறை வந்தது. வேறொருவராக இருந்தால் யோசித்திருப்பார். டைலரம்மாவுக்குக் கோபம்தான் கூடியது. தான் இல்லாத நேரம் பார்த்து இறங்குகிறார் என்று முடிவுகட்டினார். கையும் களவுமாகப் பிடிக்க, தரையில் சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்கும் காந்தத்தை ஒரு பையில் சுற்றி, படி நெடுக ஓட்டினார்.

ஒட்டிக்கொண்டு வந்தது தூசியில்லை. மயிரிழையாய், சுருள் சுருளாய்க் கம்பித் துணுக்குகள். பிரிந்த இழையைப் பார்த்து எந்தத் துணியுடையது என்று சொல்லும் கண் அது. இடது கையிலிருந்த கம்பி நாரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தேய்க்கத் தேய்க்க அவரே விதைத்து, அவரே களை பறித்திருக்கிறார்.

கோபம் வேறு பக்கம் திரும்பியது. "பாக்கெட்டுல பூப்படம் போடத் தெரியுது. உதிர்ந்து துருப்பிடிக்கும்னு ஒரு வரி போடத் தெரியல?" நார்ப் பாக்கெட் குப்பைக்குப் போனது. காந்தத்தால் துணுக்குகளை ஒட்ட எடுத்து, மாத்திரை தேய்த்து, மென்மையான பிரஷ்ஷால் தடவிவிட்டு, தண்ணீரின் புளிப்பைச் சரிபார்த்து முடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது.

பட்டறையிலிருந்து வந்த மருமகன் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். டைலரம்மா துணுக்குகள் ஒட்டியிருந்த காந்தத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். இரும்போடு புழங்குகிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க பட்டறையோடது இல்லையே, அத்தை."

"இல்ல. என்னுது." குரலில் இன்னும் சூடு ஆறவில்லை. "தண்ணி ரெடியா இருக்கு. இறங்குங்க மாப்பிள்ளை."

அக்குளில் இடுக்கியிருந்த அவருடைய துண்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நைந்துபோயிருந்த அதன் ஓரம் நாலு பக்கமும் புதிதாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.